சாமுண்டீஸ்வரியின் ஆள்காட்டி விரல்

கல்லில் வெள்ளையாக எது பூத்திருந்தாலும் சரி, சாமுண்டீஸ்வரியின் ஆள்காட்டி விரல் அதைத் தொட்டுவிட்டு நேரே நாக்குக்குப் போய்விடும். போன வாரம் பெருமுக்கல் மலை ஏறியவள், சாமி கும்பிடுவதற்கு முன்பே தூணை ருசி பார்த்துவிட்டாள். "வெறும் சுண்ணாம்பு" என்று ஏமாற்றத்தோடு துப்பினாள். குருக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பழக்கம் பரம்பரைச் சொத்து. அப்பா காசிலிங்கம் மரக்காணத்து உப்பளத்தில் பாத்தி கட்டுகிறவர். தண்ணீர் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க அவருக்கு நாக்கை விட்டால் வேறு கருவி கிடையாது. மகளோ பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்து, உபகாரச் சம்பளம் வாங்கி, எழுபத்து மூன்றாம் வருஷம் பாரிசுக்குப் போய்க் கலை வரலாறு படிக்கிறாள். அது என்ன படிப்பு என்று ஊரில் கேட்டால், "செலைங்களுக்கு வயசு சொல்ற படிப்புங்க" என்பாள். ஆனி வெயிலிலும் கழுத்தில் ஒரு கம்பளித் துண்டு தொங்கும். கழற்ற மறந்துவிட்டதாம். அதற்கும் ஒரு சிரிப்பு.

அந்த விரல்தான் அவளை மாட்டிவிட்டது. மாசியில் வகுப்போடு ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தாள். பழைய எகிப்துச் சிலை ஒன்றின் முழங்காலில் வெள்ளைப் பொடி. மற்றவர்கள் சிலையின் மூக்கழகைக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, இவள் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் பொடியைத் தொட்டு நாக்கிலும் வைத்துவிட்டாள். காவலாளி கையும் களவுமாகப் பிடித்தார். உப்பு, இப்படியே விட்டால் கால் பொடிந்துவிடும் என்று அவள் பிரெஞ்சில் மன்றாடியது யார் காதிலும் ஏறவில்லை. படிப்பைத் தொடரலாமா என்பதைக் கடிதத்தில் தெரிவிப்பதாகச் சொல்லி, விடுமுறைக்கு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

தினமும் காலையில் தபால்காரர் இருசப்பனின் சைக்கிளை மறிப்பாள். அவர் கையை விரித்தால், இவளே அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்புவாள். பிறகு வரப்பில் ஏறிக் கைவீசி நடப்பாள், வாயில் பிரெஞ்சுப் பாட்டு. உள்ளுக்குள் பயம்தான். அம்மா பொன்னம்மாள் ஏற்கெனவே மாமன் மகனின் ஜாதகத்தை வாங்கி வைத்துவிட்டாள்.

கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. வரப்பெல்லாம் ஓடி, உப்பு வாரிக்கொண்டிருந்த அப்பாவுக்கு மூச்சிரைக்கத் தமிழில் சொன்னாள். அந்தப் பொடியைச் சோதனைக்கூடத்தில் பார்த்தார்களாம். உப்பேதானாம். உப்பு இறங்கச் சிலையை நல்ல தண்ணீரில் ஊற வைத்திருக்கிறார்களாம். அவள் திரும்பி வரலாம். ஆனால் எந்தக் காட்சிப்பொருளையும் இனிமேல் நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். அதற்கு ஓர் உறையும் வைத்திருந்தார்கள்.

காசிலிங்கம் வாரு பலகையை ஊன்றிக்கொண்டு யோசித்தார்.

"நாக்குல வைக்காம எப்படிம்மா தெரியும்?"

"அதான்பா எனக்கும் புரியல."

ஆனாலும் வரப்பிலேயே உட்கார்ந்து, முத்து முத்தான எழுத்தில் உறுதிமொழியை எழுதினாள். மடித்து உறைக்குள் போட்டு, மூடியின் கோந்தை ஓரத்திலிருந்து நக்கிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். கண்ணை மூடி, இரண்டு தரம் சப்புக்கொட்டினாள்.

பிறகு நக்காத மீதிப் பாதியை அப்பாவிடம் நீட்டினாள்.