எண்ணெய்க் காலும் பதினெட்டுப் படியும்

ஓய்வூதியம் வாங்கும் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறை, நவம்பரில், கருவூலத்துக்கு நேரில் போய், தான் இன்னும் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். காரைக்காலில் அப்போது அந்த மேசை மாடியில் இருந்தது. பதினெட்டுப் படிகள். பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம். கட்டியவனுக்குக் கால் நீளம் போலிருக்கிறது.

வர முடியாதவர்களுக்கு விதியில் வழி உண்டு. மருத்துவச் சான்றோடு ஒரு கடிதம் போட்டால் அலுவலர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். சர்வீசில் இருந்தபோது அந்த அலுவலராக நானே சுரக்குடிக்கும் குரும்பகரத்துக்கும் போயிருக்கிறேன். கட்டிலில் கிடப்பவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். கண்ணைத் திறந்தால் ஒரு டிக். என் கட்டிலுக்குப் பக்கத்தில் வேறொருவன் வந்து நின்று டிக் போடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் அந்தப் படிகளை ஏறியாக வேண்டும்.

நுரையீரல் ஒத்துழைக்கவில்லை. முப்பது வருடம் கோப்புத் தூசியும் சிகரெட்டும். எதற்கு எத்தனை பங்கு என்று டாக்டர் பிரித்துச் சொல்லவில்லை. சுனாமி வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த அந்த ஆகஸ்டில், ஆறாவது படிக்கு மேல் என்னால் ஏற முடியவில்லை. மூச்சு திணறும் என்று பயந்து நடக்காமலே இருந்ததில் தொடையும் வற்றிப்போயிருந்தது.

பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பெண்ணுக்கு என் மகள் வயது. அவள் சொன்னது எனக்குப் பிடித்தது. நடந்தால்தான் தொடை தேறும், நடக்க மூச்சு இல்லை. ஆகவே நான் சும்மா உட்கார்ந்திருக்க, கரண்டே காலை வேலை வாங்கும். இப்படியொரு ஏற்பாடு நான் சர்வீசில் இருந்தபோது இருந்திருக்கக் கூடாதா?

படிவம் ஒன்றைத் தந்தாள். பேஸ்மேக்கர் உண்டா, எலும்பு முறிவு உண்டா, தோல் வியாதி உண்டா என்று கேட்டிருந்தது. ஒரு கட்டம் விடாமல் நிரப்பிக் கொடுத்தேன்.

பக்கத்துப் படுக்கையில் கிளிஞ்சல்மேட்டுக்காரர் ஒருவர், விசைப்படகில் மீன்பிடிக்கப் போனவர். என் வயதுதான். பீடியால் வந்த அதே வியாதி. அவர் தொடையில் ரப்பர் பட்டைகளைக் கட்டிக் குமிழைக் கொஞ்சம் திருப்பியதும் சதை வரால் மீன் போலத் துள்ளியது. என் தொடையில் அதே பட்டை, அதே மிஷின், குமிழ் இன்னும் மேலே. லேசான குறுகுறுப்பு, சதை அசையவில்லை.

"ஏதாச்சும் தெரியுதா சார்?"

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா."

கிளிஞ்சல்மேட்டுக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "கவருமெண்டு காலும்மா அது. மேலேருந்து ஆர்டர் வந்தாத்தான் எந்திரிக்கும்."

நான்கு நாள் இப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் ஒரு பக்கத்துக்கு மனு எழுதிக்கொண்டு போனேன். மிஷினைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், அதற்கான சான்று எங்கே, பட்டைகளின் ஆயுட்காலம் எவ்வளவு என்று மூன்று கேள்விகள். அவள் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, அதே பட்டைகளைக் கழற்றிக் கிளிஞ்சல்மேட்டுக்காரர் தொடையில் கட்டினாள். துள்ளியது. மறுபடி என் தொடையில் கட்டக் குனிந்தபோது அவர் எட்டி முகர்ந்து பார்த்தார்.

"சார், என்ன இது, நல்லெண்ணெ வாசம் அடிக்குது?"

"வீட்ல தேய்ச்சு விடுறாங்க. தினமும் காலையில, இங்க வர்றதுக்கு முன்னாடி."

"அட! எங்க போட்டுல பேட்டரி முனையில பிசுக்கு ஏறுனா இஞ்சினே ஸ்டார்ட் ஆவாதுங்க. நீங்க எண்ணெயில ஊறிட்டு வந்து மிஷின் மேல பிராது குடுக்குறீங்க!"

அந்தப் பெண் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஏன் சார் சொல்லல?"

"படிவத்துல எண்ணெய்க்குக் கட்டம் இல்லையேம்மா."

உண்மையைத்தான் சொன்னேன். கால் வற்றினால் நல்லெண்ணெய் தேய்ப்பது எங்கள் வீட்டில் சொல்லித் தெரிய வேண்டிய சங்கதியே இல்லை. அவள் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டு வந்தாள். இரண்டு முறை கழுவித் துடைத்து, குமிழைப் பூஜ்யத்துக்கு இறக்கி, மறுபடி மெல்ல ஏற்றினாள். பாதி தூரம்கூடப் போகவில்லை. தொடை இறுகிக் கால் தானாக நீண்டது. கிளிஞ்சல்மேட்டுக்காரர் கைதட்டினார். மனுவை நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "ஏங்க, அப்ப இத்தனை நாளா நாந்தான் கெடுத்தேனா?" என்றாள் மனைவி. எண்ணெய் கிண்ணத்தோடு அலமாரிக்குப் போயிற்று.

அதன்பின் வாரத்துக்கு ஐந்து நாள், தினம் அரைமணி நேரம். மூச்சு சீராகிவிடும் என்று அந்த பிசியோதெரபிப் பெண் ஒருநாளும் சொல்லவில்லை. அக்டோபரில் கடைத்தெருவரை நடந்தேன், வழியில் இரண்டு இடத்தில் நின்று.

நவம்பரில் ஒரு காலை, கருவூலத்தில் ஒன்பது படி ஏறி நின்றேன். மூச்சு வந்ததும் மிச்சத்தை ஏறினேன். கால் நடுங்கவில்லை. மேலே போனதும் நெஞ்சுதான் வேலை செய்ய மறுத்தது. மேசையில் இருந்தவர் ஒரு காலத்தில் என்னிடம் எழுத்தராக இருந்தவர்.

"ஒரு லெட்டர் போட்டிருந்தா வீட்டுக்கே வந்திருப்போமே சார். ஒக்காருங்க."

பதில் சொல்ல மூச்சு இல்லை. வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். அவர் அதைப் பழைய மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடியும் ஒப்பிட்டார்.

"ஒத்து வரலையே சார். இன்னொண்ணு போட்டுருங்களேன்."

அந்த மேசையில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.