சோதனைக்குக் கொடுத்த சிறுவாணி

விதி இதுதான். வெந்நீர் சோலார் போடும் முன் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். சோதிக்க வருபவர் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தன் கையாலேயே தண்ணீர் பிடிக்க வேண்டும். உப்பு அதிகமாக இருந்தால் சாதாரணக் கண்ணாடிக் குழாய் மாடல் கூடாது. கம்பெனி கொடுத்த கையேட்டிலேயே இருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

போன வாரம் எதிர்வீட்டு நண்பர் கேட் அருகே நிறுத்திக் கேட்டார். "ஏனுங்க சார், நாங்களும் சோலார் போட்டுப்போடலாமுங்களா? கரண்டு மிச்சமாமே?"

நான் மாடியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். எங்கள் சோலார் வெயிலில் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை...

அதைக் கேட்டு வாங்கியவள் என் மனைவி வசந்தா. விரல் மூட்டுகளில் வாதம். காலையில் எழுந்தால் கை மடங்காது. வெந்நீரில் சற்று நேரம் வைத்திருந்தால்தான் காபி டம்ளரைப் பிடிக்க முடியும். அடுப்பில் காய்ச்சலாம் — ஆனால் பாத்திரத்தைத் தூக்கவும் அதே கைதானே வேண்டும்?

"கொழாயத் தொறந்தா சுடு தண்ணி வரோணுமுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

கம்பெனி சூப்பர்வைசர் வந்த அன்று நான் வீட்டில் இல்லை. பாங்கில் உயிர்வாழ் சான்று கொடுக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பென்ஷன்காரன் உயிரோடு இருப்பதற்கும் நடைமுறை உண்டு. வந்த சூப்பர்வைசருக்கு மாடி ஏற அலுப்பு. சோபாவில் உட்கார்ந்தபடியே, "டெஸ்டுக்கு ஒரு பாட்டில் தண்ணி குடுங்கம்மா" என்றிருக்கிறார்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் பல வீடுகளுக்கு இரண்டு தண்ணீர். குடிக்கச் சிறுவாணி ஆற்றின் நல்ல தண்ணீர். குளிக்க, துவைக்க, போர் போட்டு எடுத்த உப்புத் தண்ணீர். மாடித் தொட்டிக்கு ஏறுவது உப்பு. சிறுவாணி சமையலறைக் குடத்தில், மூடி போட்டு, மரியாதையோடு இருக்கும். வீட்டுக்கு வந்தவர் தண்ணீர் கேட்டால் உப்பை நீட்டுவோமா?

வசந்தா பாட்டிலைக் கழுவி, குடத்திலிருந்து நிரப்பிக் கொடுத்தாள்.

ரிப்போர்ட் வந்தது. தண்ணீர் பிரமாதம் என்றது. பின்னே, இருக்காதா?

சாதாரணக் கண்ணாடிக் குழாய் மாடலே மாடியில் ஏறியது. முதல் வருடம் குறையில்லை. ஆடிச் சாரலில் வெயில் இல்லாத நாட்களில் மட்டும் சோலாரும் எங்களைப்போல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது வருடம் கார்த்திகையில் வெதுவெதுப்பு. மார்கழியில் பச்சைத் தண்ணீர்.

இந்த முறை சூப்பர்வைசர் மாடி ஏறினார். ஒரு கண்ணாடிக் குழாயை உருவினார். வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் கொட்டின.

"ஏனுங்க சார், சுண்ணாம்புக் காளவாயா நடத்தறீங்க? ரிப்போர்ட்டுல நல்ல தண்ணின்னு இருக்குதே!"

படியில் நின்றிருந்த வசந்தா மெதுவாகச் சொன்னாள். "அன்னைக்கு நான் குடுத்தது சிறுவாணிங்க."

"அத எதுக்குங்கம்மா குடுத்தீங்க? குடிக்கறதுக்கா கேட்டேன்?"

"ஒரு டம்ளர் குடிச்சுப்போட்டு, என்னா ருசின்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும், "அப்ப வாரண்டி வராதுங்க சார்" என்றார்.

விடுவேனா? முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் அடுத்தவர் மனுக்களைத் திருப்பி அனுப்பியவன். மாதிரி எடுக்க வேண்டியது அவர்கள். எடுக்காதது அவர்கள் குற்றம். தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. விதியைச் சுட்டி, பக்கத்தைச் சுட்டி, நாசூக்காக ஒரு மிரட்டலும் வைத்து... நல்ல கடிதம்.

"ஏனுங்க, கரண்டு கீசர் ஒண்ணு வாங்கி மாட்டிப்போட்டா ஆகாதுங்களா?"

"புகார் நிலுவையில இருக்குது அம்மணி. அவங்க வந்து பாக்கற வரைக்கும் எதையும் மாத்தப்படாது. மாத்துனா நம்ம பக்கம் வீக் ஆயிரும்."

வசந்தா தன் விரல்களைப் பார்த்தாள். "சரிங்க. உங்க பக்கம் ஸ்ட்ராங்காவே இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதே மார்கழியில் ஒரு காலை, பாத்திரம் நழுவியது. கொதிக்கும் தண்ணீர் சமையலறை முழுக்க. அவள் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. கணபதிப் பகுதியில் குடியிருக்கும் மகள் வந்தாள். அம்மாவின் சேலைகளை மடித்துப் பையில் வைத்தாள். அவள் வீட்டில் கீசர் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் வெந்நீர் — விதி ஒன்றும் கிடையாது.

"நாலு நாள்ல வாரேனுங்க" என்று சொல்லித்தான் வசந்தா போனாள்.

தை போயிற்று. மாசி போயிற்று. பங்குனியும். தினமும் போன் செய்வாள். சாப்பாடு கேட்பாள், மாத்திரை கேட்பாள், கடைசியில் அதையும் கேட்பாள். "பதிலு வந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்பச் சரிங்க."

கீசர் வாங்கியிருக்கலாமே என்கிறீர்களா? வாங்கியிருக்கலாம். கடை அடுத்த தெருவில்தான்.

எதிர்வீட்டு நண்பருக்கு ஒரு பதில் சொல்லவேண்டும் அல்லவா? போடுங்கள் என்றேன். வெயிலுக்கா இங்கே பஞ்சம்? நல்ல தண்ணீர் என்றால் வருடக்கணக்கில் உழைக்கும். உப்பு என்றால் அதற்கான மாடலைக் கேட்டு வாங்குங்கள். சோதிக்க வருபவரை முதலில் மாடிக்கு ஏற்றுங்கள். கீழே இறங்கியபின் உபசரித்துக்கொள்ளலாம். மழைக்காலத்துக்கு ஒரு கீசர் கட்டாயம்.

"அப்ப உங்க ஊட்டுல கீசரும் இருக்குதுங்களா சார்?"

நான் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் தபால்காரர் கொண்டுவந்தார். தலைமை அலுவலகத்தின் பதில், இரண்டே வரி. எங்கள் புகாரைக் கனிவோடு பரிசீலிக்கிறார்களாம். மறுசோதனைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் அனுப்பிவைக்க வேண்டுமாம்.

கணபதிக்குப் போன் செய்ய எடுத்தேன், வைத்துவிட்டேன். முகம் கழுவலாம் என்று பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். வெந்நீர் வந்தது. அன்றைக்குத்தான் அக்னி நட்சத்திரம் ஆரம்பம்.