மைல்களில் வாங்கிய படுக்கை

அமெரிக்காவில், காப்பெல் என்ற ஊரில், எங்கள் வீட்டுக்கு மேலே விமானங்கள் மிகவும் தாழ்வாகப் பறக்கும். டாலஸ் விமான நிலையம் கூப்பிடு தூரம்தான். மாலையில் சமையலறை ஜன்னலோரம் நின்று பாத்திரம் கழுவும்போது, அவை விளக்குகளை எரியவிட்டுக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். அவற்றில் ஏதோ ஒன்றில் அம்மா வந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன். உட்கார்ந்து அல்ல, நன்றாகக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு. குழாயில் தண்ணீர் பாட்டுக்கு ஓடும். நான் மேலேயே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அம்மா கோபிச்செட்டிபாளையத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பேன்சி ஸ்டோர் நடத்தியவள். வளையல், ரிப்பன், கவரிங் செயின் என்று நாள் முழுக்க நின்றே வியாபாரம். கடையை மூடிய மறுவருஷமே இடுப்பில் அறுவை சிகிச்சை. நடக்கலாம், படுக்கலாம், ஆனால் நீண்ட நேரம் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"அப்ப அமெரிக்காவுக்கு ஒரு கும்பிடு" என்று போனில் சிரித்தாள் அம்மா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வந்தவள், அதற்கப்புறம் வரவே இல்லை. அவளைக் கூட்டி வர ஒரே வழி, படுக்கையாக விரியும் பிசினஸ் கிளாஸ் இருக்கை. அதன் விலையைப் பார்த்தேன். கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

அப்படித்தான் இந்தப் பாயிண்ட்ஸ் பைத்தியம் பிடித்தது. கிரெடிட் கார்டில் செலவு செய்தால் பாயிண்ட்ஸ் சேரும். அதை விமான நிறுவனத்துக்கு மாற்றினால் மைல்கள் ஆகும். மைல்கள் போதுமான அளவு சேர்ந்து, இருக்கையும் காலியாக இருந்தால், வரியை மட்டும் கட்டிவிட்டுப் பறக்கலாம்.

ஹோட்டலில் பில்லுக்குச் சண்டை போடுவது எங்கள் ஜனத்தின் ரத்தத்திலேயே இருக்கிறது. "அட விடுங்க, நான் குடுக்கறேன்" என்று சட்டையைப் பிடித்து இழுக்கிற அளவுக்குப் போகும். இங்கேயும் அந்தச் சண்டை உண்டு, நோக்கம்தான் வேறு. யாருடைய கார்டைத் தேய்ப்பது என்பதே விஷயம். அதில் வெட்கம் மானம் எல்லாவற்றையும் விட்டவள் நான். தோழியின் மகளுக்கு அரங்கேற்றம் என்றால், "அக்கா, ஹால் அட்வான்ஸை என் கார்டுல போட்டுக்கறேன், நீங்க பணத்தை எனக்கு அனுப்பிடுங்க" என்று முதல் ஆளாக ஓடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் பிரிட்ஜ் வாங்கப் போனாலும் கூடவே போய் நிற்பேன்.

"இவ அம்மா வந்து இறங்கற வரைக்கும் நாம யாரும் பர்ஸைத் தொட முடியாதுப்பா" என்று தோழிகள் கிண்டல் செய்தார்கள். கணவர் அதற்கும் மேலே. "கல்யாணத்துக்கு முன்னாடி என் போட்டோவைக்கூட இப்படி உத்துப் பாத்திருக்க மாட்டா, அந்த ஏர்லைன்ஸ் வெப்சைட்டைப் பாக்கற மாதிரி" என்பார்.

பார்த்தேன்தான். காலையில் காபி ஆறும் வரை பார்ப்பேன். இருக்கைகள் தெரியும், தொடுவதற்குள் மறைந்துபோகும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்பதுபோல, கண்ணை எடுக்கவே பயமாக இருக்கும். கொச்சி, தோஹா, டாலஸ் என்று ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன், அதிலேயே ஒரு மிதப்பு வந்துவிடும். ஒருநாள் இருக்கை ஒன்று தெரிந்தது, நின்றது, கிடைத்தும் விட்டது. நான் போட்ட கூச்சலில் மகள் பல்துலக்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்தாள்.

இருக்கை எப்படிப் படுக்கையாகிறது என்ற வீடியோவை அம்மாவுக்கு அனுப்பினேன். "அடேயப்பா, தொட்டிலாட்டம் இருக்குதே" என்றாள்.

தம்பி காரில் கொச்சிக்குக் கொண்டுபோய் ஏற்றிவிட்டான். டாலஸில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வாடியிருந்தது. "எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன். "ராணியாட்டம் வந்தேன் கண்ணு" என்றாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், பாதம் இரண்டும் வீங்கிக் கிடந்தன. அன்று படுத்தவள் எழுந்து நடக்க ஒரு வாரம் ஆயிற்று. படுத்து வந்தவளுக்கு எப்படி இவ்வளவு வலி என்று நான் குழம்பிக்கொண்டே இருந்தேன்.

விஷயத்தை வெளியே கொண்டுவந்தவள் மகள். பாட்டியை அம்மாயி என்றுதான் கூப்பிடுவாள். அம்மாயிக்கு அந்த பெட்டில் பில்லோ கொடுத்தார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அம்மாவுக்கு பெட், பில்லோ என்ற அந்த இரண்டு வார்த்தையே போதும்.

"தெரியல சாமி. நான் படுக்கவே இல்லையே."

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "என்னது?"

"ஏங் கத்தற? இந்தப் பக்கம் ஒரு ஆம்பள, அந்தப் பக்கம் ஒரு ஆம்பள. கோட்டுப் போட்ட பெரிய மனுசன் வேற. அவங்களுக்கு நடுவால காலை நீட்டிப் படுத்துக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

"போர்வை குடுத்தாங்கல்ல?"

"போர்வைக்குள்ளயும் நான்தான கண்ணு இருக்கோணும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பேருந்து நிலையத்தில் வம்பு செய்த குடிகாரனைச் செருப்பைக் கழற்றி விரட்டியவள் இவள். அத்தனை தூரம் ஆகாயத்தில், விரியும் படுக்கைக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டு வந்திருக்கிறாள்! "ஊரெல்லாம் பிரிட்ஜ் வாங்கறப்ப நான் போய் நின்னது எதுக்கும்மா? நீ முதுகை நிமித்தி உக்காந்து வர்றதுக்கா?" என்று கத்திவிட்டு மாடிக்குப் போய் அழுதேன்.

சாயங்காலம் அவளே மெதுவாக ஆரம்பித்தாள். "கோச்சுக்காத. சீட்டு மெத்து மெத்துன்னு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இதுதான் கடைசின்னு வெச்சுக்க. இனி நீங்கதான் அங்க வரோணும்." கடைசி என்பதைவிட, அவள் இன்னும் திரும்பிப் போகவேண்டுமே என்பதுதான் எனக்குப் பயம். இன்னொரு தடவை அப்படியே உட்கார்ந்து போனால் இடுப்பு தாங்காது. படுக்கிறேன் என்று அவள் சத்தியமே செய்தாலும் நான் நம்பத் தயாராக இல்லை.

நடுவரிசையில் இரண்டு இருக்கைகள் ஜோடியாக இருக்கும். இடையில் இருக்கும் தட்டியை இறக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த ஜோடி எனக்கு வேண்டும். கோடை விடுமுறையில் ஹவாய் போகலாம் என்று கணவர் தன் கணக்கில் சேர்த்து வைத்திருந்த பாயிண்ட்ஸ்தான் மிச்சம். கேட்க எனக்கு வாய் வரவில்லை. சுற்றி வளைத்தேன். அவர் என்னைப் பேசியே முடிக்க விடவில்லை.

"ஹவாய் எங்கயும் ஓடிடாது. நீ கூடப் போய் விட்டுட்டு வா" என்றார். அப்புறம், "நாளைக்கு கார் டயர் மாத்தணும். உன் கார்டுலயே போட்டுக்க, தாயே" என்றார். மகாராஜன்!

அம்மா ஊர் திரும்பிய நாள், நாங்கள் இருவரும் ஏறிய விமானம் மேகத்துக்கு மேலே போனதும் ஜன்னல்களை மறைத்து விளக்குகளைத் தணித்தார்கள். அந்த இடமே இளநீலமாக, தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல ஆகிவிட்டது. என்ஜின் சத்தம் எங்கோ தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அம்மா மட்டும் பாடம் கேட்கும் பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"படும்மா."

"மொதல்ல நீ படு."

"நான் முழிச்சிட்டு உக்காந்திருக்கேன். எவன் திரும்பிப் பாக்கறான்னு நான் பாத்துக்கறேன். நீ படு."

என் துப்பட்டாவை எடுத்து நடைபாதைப் பக்கத் தடுப்பில் சொருகித் திரைபோல விட்டேன். அவள் அதை இழுத்துப் பார்த்தாள். பொத்தானை அழுத்தினேன். இருக்கை மெல்ல மெல்ல இறங்கி நீண்டது. சேலையைக் கால்களுக்கு இடையே சொருகிக்கொண்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் விறைப்பாகக் கிடந்தாள். "நீ இருக்கறயா?" என்றாள். "இருக்கேன்." பிறகு தோள் தளர்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. சின்னதாகக் குறட்டை வந்தது.

அப்போதுதான் தோன்றியது, அம்மா இப்படி அயர்ந்து தூங்கி நான் பார்த்ததே இல்லை. கடையை அடைத்துவிட்டு அவள் வரும்போது நாங்கள் தூங்கியிருப்போம். நாங்கள் கண்விழிக்கும்போது அவள் வாசல் தெளித்துக் கோலமும் போட்டு முடித்திருப்பாள். தூக்கத்தில் அவள் முகம் இப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. நெற்றியில் எந்தக் கணக்கும் இல்லாமல், யாருக்கும் அம்மா இல்லாத ஒரு பெண்ணின் முகமாக இருந்தது. அதைவிட்டுக் கண்ணை எடுக்க மனமே வரவில்லை.

பணிப்பெண் குனிந்து, உங்களுக்கும் படுக்கை விரித்துத் தரட்டுமா என்று ரகசியமாகக் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. இவ்வளவு நல்ல இருக்கையை வாங்கிவிட்டு ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதுபோலப் பார்த்தாள்.

"எங்கம்மா தூங்கறாங்க" என்றேன், தமிழிலேயே.