நாற்பதைத் தாண்டாத பயணம்

என் தம்பி குவைத்திலிருந்து ஒரு மாத லீவில் வந்த மறுநாளே எங்கள் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கின் உயிரை எடுத்துவிட்டான். நான் இதை இப்படித்தான் சொல்வேன். மெக்கானிக் மட்டும் பிஸ்டன் பிடித்துக்கொண்டது என்று நாகரிகமாகச் சொன்னார்.

வண்டி அவன் பெயரில் இருந்தாலும் அவன் வெளிநாடு போனதிலிருந்து ஓட்டியது நான்தான். ஆவூரிலிருந்து நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் அதில்தான் போவேன். டீச்சர் வருகிறார் என்பது வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும், வாலைச் சுருட்டிக்கொள்வார்கள். அந்த வண்டிக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றினால்தான் உள்ளே ஓடும் பிஸ்டன் உரசாமல் ஓடும். இருமல் டானிக் மூடியால் ஆயிலை அளந்து, பெட்ரோல் கேனில் விட்டுக் குலுக்கி, நானே ஊற்றுவேன். வேறு யாரையும் தொட விட்டதில்லை.

தம்பி அங்கே ஏசி காரில் போய் வந்து பழகியவன். ஊருக்கு வந்த குஷியில் ஆயிலை மறந்து, பங்கில் டேங்க் நிறைய வெறும் பெட்ரோலை அடித்துக்கொண்டு இலுப்பூர் ரோட்டில் விரட்டியிருக்கிறான். இப்போதெல்லாம் பங்கில் ஆயில் வேண்டுமா என்று கேட்க ஆளில்லை. பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் கிறீச்சென்று நின்றபோது கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தான். எங்களைப் பெற்ற ஆத்தா அதற்காக மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இரண்டு வேளை அவனுக்குச் சோறு போடவில்லை, அவனே போட்டுத் தின்றான்.

அவன் சமாதானம் பேச வந்தது அதைவிட மோசம்.

“லீவு முடியறதுக்குள்ள சரியாகலேன்னா இதப் பழைய இரும்புக்குப் போட்டுருவோம்க்கா. நடுரோட்ல நின்னா நீ தனியா என்ன பண்ணுவ? ஒனக்குப் புது ஸ்கூட்டர் வாங்கித் தாரேன்.”

அக்கறையில்தான் சொன்னான், தெரியும். ஆனால் கியரும் கிளட்சும் இல்லாமல், சும்மா உட்கார்ந்துகொண்டு போவதற்குப் பெயர் வண்டி ஓட்டுவதா? அந்தப் பைக்கை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவன் விமானம் ஏறுவதற்குள், இனி நிற்காது என்று அவனே கண்ணால் பார்த்து நம்ப வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறு கவலையே இல்லாமல் போயிற்று.

இலுப்பூர் மெக்கானிக் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் முடியாது என்பார். அப்படிச் சொன்னால் செய்துவிடுவார் என்று அர்த்தம். பார்க்கலாம் என்றால்தான் பயப்பட வேண்டும். எங்களிடம் மூன்று தரம் முடியாது என்றார், எனக்கு நிம்மதியாக இருந்தது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனில் பூனை பிராண்டியதுபோல் கோடு கோடாக இருந்தது. லேத்தில் சிலிண்டரைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டன் போட்டால் பிழைக்கும் என்றார். பிஸ்டனுக்காகப் புதுக்கோட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியில் ஒரு கடையின் பரண்மேல், எண்ணெய்த்தாள் சுற்றியபடி கிடைத்தது. கடைக்காரர் தூசியை ஊதித் தந்தார். நான் அதைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். தம்பி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தான்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று காலையில் இன்னொரு கூத்து. மறுபடி பிடித்துக்கொள்ளுமோ என்ற பயத்தில், மெக்கானிக் கலந்து கொடுத்த பெட்ரோலில் தம்பி யாருக்கும் தெரியாமல் பாதி பாட்டில் ஆயிலைக் கொட்டியிருக்கிறான். உதைத்துக் கிளப்பியதும் புகையில் தெருவே மறைந்துபோனது. ஆத்தா ஜன்னலைச் சாத்தினாள், எதிர்வீட்டில் காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். கொசு மருந்து வண்டி வந்துவிட்டது என்று தெருப்பிள்ளைகள் கத்திக்கொண்டே புகைக்குள் ஓடினார்கள். திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்துவிட்டு, டேங்க்கைக் காலி செய்து, பிளக்கைத் தேய்த்தோம். ஆயிலை நானே அளந்து கலந்து ஊற்றினேன்.

மெக்கானிக் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்.

“புதுப் பிஸ்டன் உள்ள பழகணும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு நாப்பதத் தாண்டாதீங்க. தாண்டுனா எங்கிட்ட வராதீங்க.”

லீவில் மிச்சம் இரண்டு வாரம்கூட இல்லை. ஐந்நூறு கிலோமீட்டர் எங்கே போவது? சொந்தக்காரர் வீடுகளுக்குத்தான். ஒவ்வொரு லீவிலும் அவன் பேரீச்சம்பழத்தையும் தைலப் புட்டிகளையும் என் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவான், அவன் ஏன் வரவில்லை என்ற வசவை நான் வாங்குவேன். இந்தத் தடவை அவன் ஓட்ட, நான் பின்னால் பையோடு உட்கார, வீடு வீடாகப் போனோம். நாற்பதில் போனால் எல்லாரும் நம்மை முந்துவார்கள். மினி பஸ் முந்தியது, மொபெட்டில் புல்லுக்கட்டோடு போனவர் திரும்பிப் பார்த்துவிட்டு முந்தினார். தம்பி பல்லைக் கடித்தானே தவிர ஆக்ஸிலேட்டரை முறுக்கவில்லை. அவன் இவ்வளவு பொறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. போன இடமெல்லாம் சாப்பாடு, போன இடமெல்லாம் பழைய கதை. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அவனும்தான்.

கடைசியாகக் கோட்டைப்பட்டினம். குவைத்தில் அவனோடு ஒரே அறையில் இருப்பவரின் வீடு அங்கே. அவருடைய அம்மா மீன் பொரித்துப் போட்டு, மகன் அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். திரும்பி வருகையில், கடல்காற்று ஓய்ந்த நேர்ரோட்டில், மீட்டர்க் கணக்கில் ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டியது. தம்பி வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினான். மறுபடி பிடித்துக்கொண்டதோ என்று குனிந்து இன்ஜினைப் பார்த்தேன்.

“நான் முறுக்கலக்கா. ஒருதடவ கெடுத்தவன் நான். நீ முறுக்கிப் பாரு, அதோட சத்தம் ஒனக்குத்தான் தெரியும்.”

நான் முன்னால் உட்கார்ந்தேன், அவன் பின்னால் ஏறினான். ஐம்பது. அறுபது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு தட்டல் இல்லை, ஒரு உரசல் இல்லை. எழுபதில், சற்று முன் எங்களைத் தாண்டிப் போன ஒரு மினி வேனை முந்தினேன்.

அவன் என் காதருகே குனிந்து சொன்னான்.

“நான் போனப்புறமும் இதையே ஓட்டுக்கா.”

சொன்ன கையோடு, ஆனால் இவ்வளவு வேகம் வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டான். நான் இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.