ஆறு சம்மட்டிகளும் அப்பாவின் நொட்டாங்கையும்

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சூரியநெல்லியிலிருந்து செறுதோணிக்குப் போய்வந்தோம். இடுக்கி அணையைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் வெளியே சொல்லிக்கொண்டோம். உண்மையில் போனது என் அப்பா ஞானமுத்துவின் மானத்தை மீட்க.

அப்பா எஸ்டேட் வேலைக்கு வருவதற்கு முன், இளவட்டத்தில், அந்த அணைக்காகப் பாறை உடைத்தவர். "எங்க செட்டு ஆளுங்கள ஒருத்தன் வந்து போட்டோ புடிச்சான்" என்று நான் பிறந்த நாளிலிருந்து சொல்லிவருகிறார். அந்தப் படத்தை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அம்மாவின் தம்பி செல்லையா மாமா செறுதோணிக்குப் போனார். அங்கே ஒரு நூலகத்தின் மாடியில் அணைத் தொழிலாளர்களின் பழைய படங்களை மாட்டியிருந்தார்கள். ஒன்றில் அப்பா ஜாடையில் ஒருவர் நின்றாராம். ஆனால் சம்மட்டியை வலக்கையால் ஓங்கியிருந்தாராம். அப்பாவுக்கோ சோறு தின்பதைத் தவிர எல்லாமே இடக்கைதான்.

மாமா சும்மா இருப்பாரா? சர்ச் வாசலில் வைத்தே, "அத்தான் இத்தன வருசமா நம்ம காதுல பூ சுத்திருக்காரு" என்று போட்டு உடைத்துவிட்டார். அதற்குப் பிறகு டீக்கடையில் அப்பா தலை தெரிந்தாலே, "டேம் கட்டுனவரு வாராரு" என்று ஒரே சிரிப்பு. அப்பா டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு, மாமாவையும் சேர்த்து ஜீப்பில் ஏற்றினேன்.

காலை 6.40க்குக் கிளம்பினோம். போய்வர ஜீப் வாடகை 3,400 ரூபாய். பூப்பாறை, ராஜாக்காடு வழியாக எங்கள் மீட்டரில் 71 கிலோமீட்டர் காட்டியது. ராஜாக்காட்டில் புட்டும் கடலையும், ஆளுக்கு 60 ரூபாய். அதன் பிறகு வளைவுகள் அதிகம், வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். நான் சாப்பிட்டுவிட்டு அவஸ்தைப்பட்டேன். வழியெல்லாம் மாமாதான் பேசிக்கொண்டு வந்தார்.

பத்தே காலுக்கு நூலகம் ஏறினோம். அனுமதி இலவசம். பொறுப்பாளர் லீலாம்மா டீச்சர் விளக்கைப் போட்டார். சாரத்தில் தொங்கும் ஆட்கள், தலையில் சட்டியோடு பெண்கள், கயிற்றில் இறங்கும் இரும்புத் தொட்டி என்று சுவர் முழுக்கப் படங்கள். மூன்றாவது படத்தில் ஆறு பேர் வரிசையாகச் சம்மட்டி ஓங்கி நின்றார்கள்.

அப்பா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "மூஞ்சி என்னோடதுதான். கைதான் என்னோடது இல்ல" என்றார் மெதுவாக. இவ்வளவு தூரம் கூட்டிவந்து நானே அவமானப்படுத்திவிட்டேனோ?

"நான் அப்பவே சொல்லல?" என்றார் மாமா.

அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டினார். விரலை நீட்டி ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டே போனார். பிறகு திரும்பிப் பேசிய குரலில் பழைய அப்பா இருந்தார்.

"ஏ மாப்ள, மத்த அஞ்சு பேரும் எந்தக் கையில ஓங்கிருக்கான், பாத்துச் சொல்லு."

மாமா பார்த்தார். ஐந்து பேருமே இடக்கை.

"ஒரு செட்டுல அஞ்சு நொட்டாங்கைக்காரன் எங்கய்யா கெடைப்பான்? எங்க செட்டுல நான் ஒருத்தன்தான். பக்கத்து ஆளு சம்மட்டியோட முட்டிரக் கூடாதுன்னு மேஸ்திரி என்னயக் கடைசியிலதான் நிறுத்துவாரு. இதுல கடைசியில நிக்கது யாரு?"

கடைசியில் நின்றது அந்த ஒற்றை வலக்கைக்காரர். அப்போதுதான் நானும் கவனித்தேன். சட்டைப் பை இடப்பக்கம்தானே இருக்கும், ஆறு பேருக்கும் வலப்பக்கம் இருந்தது.

"ஐயோ, படம் திரிஞ்சு பிரின்ட் ஆயிப்போயல்லோ!" என்று டீச்சர் தலையில் கைவைத்தார். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டார்களாம். போனில் அதைப் படமெடுத்து, இடவலமாகத் திருப்பிக் காட்டினார். ஐந்து பேர் வலக்கையால் ஓங்க, ஓரத்தில் இடக்கையோடு இருபது வயது ஞானமுத்து! நான் நூலகம் என்றும் பாராமல் கத்திவிட்டேன். மாமா போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "அத்தான், நீங்கதான்" என்றார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அன்றுதான்.

படத்தின் கீழே 'பாறைத் தொழிலாளர்கள்' என்று மட்டுமே இருந்தது. டீச்சர் காகிதம் எடுத்துப் பெயர் கேட்டார். அப்பா முதலில் மற்ற ஐந்து பேரின் பெயரையும் தடுமாறாமல் சொன்னார். தன் பெயரைக் கடைசியில் சொன்னார்.

பிறகு அணைக்குக் கீழே உள்ள சாலையில் இறங்கினோம். குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே சுவர் வளைந்து நின்றது. அங்கே நின்ற முன்பின் தெரியாத ஒரு குடும்பத்திடம் மாமா போய், "இது எங்க அத்தான் கட்டுனது" என்றார். இரவு ஏழரைக்கு ஊர் சேர்ந்ததும் டீக்கடையிலும் அவரே ஆரம்பித்தார். அப்பா நடுவில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார்.

போக நினைப்பவர்களுக்கு: அணையின் மேல் செல்ல எல்லா நாளும் அனுமதி கிடையாது, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும், காலையிலேயே பார்த்துவிடுங்கள். புதுப் பிரதி போட்டு மாட்டக் கொஞ்ச நாள் ஆகும் என்றார் டீச்சர். அதனால் என்ன? மூன்றாவது படத்தில் ஐந்து சம்மட்டிகள் ஒரு பக்கம் இருக்கும், ஒன்று மட்டும் மறுபக்கம் இருக்கும். எப்படித் திருப்பி மாட்டியிருந்தாலும் சரி, அந்த ஒன்று எங்கள் அப்பாவுடையது.