விருந்தாளியின் பங்கு

2018 அக்டோபர் மழையில் ஊற்றுக்கு மேலிருந்த மேடு சரிந்து, தண்ணீர் வரும் வாயை மூடிவிட்டது. இகில் உலீலி கிராமத்தில் இப்படி ஏதாவது நடந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வீட்டுப் பெயர்களை வரிசையாக வாசிப்பார்கள். ரொட்டிக்கடை லயாஷியின் வீடு அந்த வரிசையில் கிடையாது. இருந்தும் அவர் காலை ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்து முடித்ததும் மண்வெட்டியோடு கிளம்பிப் போனார்.

போன சுருக்கில் ஒருவர் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். இன்னொருவர் தோளைப் பிடித்து அத்திமரத்தடியில் உட்கார வைத்தார். மூன்றாமவர் காப்பியை நீட்டினார்.

“விருந்தாளி மண் அள்ளுறதைப் பார்த்துட்டு நாங்க எப்படிங்க தூங்குறது?” என்றார் மொஹந்த். பக்கத்து வீட்டுக்காரர், கடையின் பழைய வாடிக்கை. எல்லோரும் சிரித்தார்கள். லயாஷியும் சிரித்தார். காப்பியில் சர்க்கரை கூடுதலாகவே போட்டிருந்தார்கள்.

அந்த ஊருக்கு அவர் விருந்தாளியாகி அப்போது இருபத்தொன்பது ஆண்டுகள்.

1989-இல், இருபத்தாறு வயதில் அங்கே வந்தார். கடலோர ஜிஜெல் பக்கத்து ஆட்களை அல்ஜீரியாவில் எந்த ஊர் ரொட்டி அடுப்பின் முன்னாலும் பார்க்கலாம். ஜுர்ஜுரா மலையில் கபீல் மொழி பேசும் ஊர் ஒன்றில் ஓர் அடுப்பு அணைந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு ஏறி வந்தவர், பிறகு இறங்கவில்லை.

அவர் பேசியது அரபு. எந்த அரபு என்பது வேறு விஷயம். ஜிஜெல்காரர்கள் அடித்தொண்டையிலிருந்து வரவேண்டிய ஒலியை நாக்கு நடுவிலேயே முடித்துவிடுவார்கள். மாவு வாங்க செத்தீஃப் நகரத்துக்குப் போனால், அங்குள்ள அரபு வியாபாரிகள் அவரை இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசவைத்துச் சிரித்து அனுப்புவார்கள். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரின் அரபோ எந்த வீட்டிலும் யாரும் குழந்தையைக் கொஞ்சாத அரபு. அது அவருக்கும் பாதிதான் புரியும், ஊர்க்காரர்களுக்கும் பாதிதான் புரியும். பிரான்சில் உழைத்துத் திரும்பிய கிழவர்கள் தபால் நிலையத்தில் பிரெஞ்சு பேசுவார்கள். மற்ற நேரமெல்லாம் கபீல்தான்.

லயாஷியின் கபீல் கடையில் வளர்ந்தது. அதனால் கடை அளவுக்கே நின்றுவிட்டது. எத்தனை, சூடாகவா, நாளைக்கு வா, அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். அதைத் தாண்டினால் தடுமாறுவார். அவர் மனைவி ஸுலிகா அப்படி இல்லை. 1991-இல் கல்யாணமாகி வந்தவள், ஊற்றடியிலும் எண்ணெய்ச் செக்கிலும் பெண்களோடு நின்று நின்று, இரண்டாம் வருடமே கபீலில் சண்டை போடத் தொடங்கிவிட்டாள். சண்டை போட வந்துவிட்டால் ஒரு மொழியில் அப்புறம் என்ன பாக்கி? மகன்கள் இருவரும் தாயோடு கபீலும் தகப்பனோடு அரபும் பேசி வளர்ந்து, இப்போது ஓரான் நகரத்தில் வேலை பார்க்கிறார்கள். அங்கே அரபே வேறு.

ஆலிவ் பறிப்பு தொடங்குமுன் ஊர்ப்பொதுவில் மாடுகள் வாங்கி அறுத்து, வீட்டுக்கு ஒரு குவியலாகப் பங்கிடுவது அந்த ஊர் வழக்கம். இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே அளவு. எந்தக் குவியல் யாருக்கு என்பது அதிர்ஷ்டம். வீட்டுத்தலைவர்கள் ஆளுக்கொரு சின்னப் பொருளை, ஒரு பொத்தானையோ மூக்குப்பொடி டப்பாவையோ, கம்பளி மேலங்கியின் தலைமூடிக்குள் போடுவார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் குவியல்மேல் வைத்துக்கொண்டே போவார். லயாஷிக்கு இந்தத் தொல்லையே வைத்ததில்லை. ஈரலும் தொடைக்கறியும் முதலிலேயே தனியாக எடுக்கப்பட்டு அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். வருடம் தவறியதில்லை.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீடு திரும்பியபோது ஸுலிகா வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“காப்பி நல்லா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“மண்ணு?”

“தொட விடல.”

அவள் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த வருட ஆகஸ்டின் நினைவு வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் இறந்த செய்தி கேட்டு அவர் ஜிஜெலுக்குப் போனபோது, அவர் பிறந்த வீடு அண்ணன் மகன்கள் கைக்கு மாறியிருந்தது. அவர்கள் அவருக்கு விருந்தாளி மெத்தையை விரித்தார்கள், பெரிய மீனை அவர் தட்டில் வைத்தார்கள். பேச்சில் மலைவாடை அடிக்கிறது என்று சொல்லி, மலைக்காரச் சித்தப்பா என்றே கூப்பிட்டார்கள்.

“மனுஷா, இந்த ஊர்ல கேக்காதவன் தலையில சுமை ஏத்த மாட்டாங்க,” என்றாள் ஸுலிகா. “சபையில போய் நின்னு கேளு. இத்தனை வருஷமா நீ எத்தனை ரொட்டின்னு மட்டும்தானே கேட்டிருக்க.”

தனக்காக அவளே பேசினால் நன்றாக இருக்கும் என்றார் லயாஷி.

“பொம்பளைங்க சபைக்குப் போறதில்ல. நான் போனா இந்த ஊர் ரகசியம் பாதி வெளிய வந்துரும்.”

ஊர்ச்சபையில் ஒருவருக்காக இன்னொருவர் பேச முடியாது. கேட்க வேண்டியவர் எழுந்து நின்று தானே கேட்கவேண்டும். அடுத்த வெள்ளி தொழுகைக்குப் பிறகு சபை கூடியது, அந்த ஆண்டு மாடுகளைப் பற்றிப் பேச. லயாஷி கடைசி வரிசைக் கல்லில் உட்கார்ந்திருந்தார். பேச்சு ஓய்ந்தபோது எழுந்தார். அவர் நின்றதைப் பார்த்து, இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நான்கு பேர் நகர்ந்து வழிவிட்டார்கள்.

தனக்கு இந்த வருடம் பங்கு அனுப்ப வேண்டாம் என்று கபீலில் சொன்னார். ஸுலிகாவிடம் கேட்டுப் பாடம் பண்ணிய வாக்கியம் அது.

சபைத் தலைவர் மெஸியான் முகம் சுருங்கியது. “போன வருஷம் ஈரல் கெட்டுப்போயிருந்துச்சா?”

இல்லை என்றார். அப்படியானால் கொண்டுவந்து கொடுத்தவன் மரியாதைக் குறைவாக ஏதாவது சொன்னானா? அதுவும் இல்லை. தொடைக்கறி ஒத்துக்கொள்ளவில்லையா? வைத்தியர் ஏதும் சொன்னாரா? லயாஷி பாடம் பண்ணியது தீர்ந்துபோனது. கையிலிருந்த கபீலில் மீதமிருந்தது எல்லாம் ரொட்டிதான். அவர் தன் அரபுக்கு மாறினார். செத்தீஃப் வியாபாரிகள் கேட்டுச் சிரிக்கும் அதே அரபு.

“தா மெஸியான்,” என்றார். மூத்தவர்களை மரியாதையாகத் தா என்றழைப்பது அந்த மலை வழக்கம். “அங்க போனாலும் விருந்தாளி, இங்க வந்தாலும் விருந்தாளி. ஏதாவது ஒரு இடத்துல எனக்கு மண்வெட்டியைக் குடுங்க. எல்லாரோட குவியலோட என் குவியலையும் வைங்க. விழறது விழட்டும்.”

யாரும் சிரிக்கவில்லை. அந்த அரபில்தான் அவர் அடுப்போடு பேசுவதையும் மாவு மூட்டையைத் திட்டுவதையும் அவர்கள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். ஒரு சொல் பாக்கியில்லாமல் புரிந்தது.

உவாலி எழுந்தார். சபையில் மூத்தவர், வழக்கம் என்றால் வழக்கம்தான் என்பவர். “தப்பா நினைக்காதீங்க. ஒரு வீடுன்னு எண்ணணும்னா அந்த வீட்டு மூத்தவங்க இந்த மண்ணுல இருக்கணும். உங்க மூத்தவங்க யாரு இங்க இருக்காங்க?”

“மூத்தவங்க இல்ல,” என்றார் லயாஷி. “இளையது ஒண்ணு இருக்கு.”

1993 பிப்ரவரியில், பனியில் சாலை அடைபட்டிருந்த வாரம், ஸுலிகாவின் முதல் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட நிறையாமல் காய்ச்சலில் போய்விட்டது. ஜிஜெலுக்குக் கொண்டுபோக வழியில்லை. உறைந்த மண்ணைக் கடப்பாரையால் பிளந்து அந்தச் சின்னக் குழியை வெட்டியவர்கள் நான்கு பேர். அவர்களில் உவாலியும் ஒருவர்.

உவாலி நின்றுகொண்டே இருந்தார். உட்கார வேண்டும் என்பது அவருக்கு மறந்துவிட்டது போலிருந்தது. கடைசியில் கைத்தடியால் தரையை ஒருமுறை தட்டினார்.

“அவன் வீட்டுப் பேரையும் சேர்த்துக்கங்க.”

மெஸியான் லயாஷியைப் பார்த்தார். “இதைக் கேக்க உனக்கு இத்தனை வருஷமாய்யா?”

“நீங்களா கூப்பிடுவீங்கன்னு இருந்தேன்.”

“விருந்தாளியைக் கூப்பிட்டுச் சுமை தூக்குன்னு சொல்றது எங்களுக்கு அசிங்கம். நீயா கேப்பேன்னு நாங்க இருந்தோம்.”

மொஹந்த் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “ஊத்துக்குச் சுவர் கட்டுறோம், நாளைக்கு வந்துரு. காப்பியை உன் வீட்டுலயே குடிச்சிட்டு வா.”

லயாஷி போனார். மண்வெட்டியை இந்த முறை யாரும் வாங்கவில்லை. மதியத்துக்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அடுப்பு வெப்பம் பழகிய கைக்கு ஈரமண் பழகவில்லை.

மாடறுத்த அன்று அவர் கடைச்சாவியைத் தலைமூடிக்குள் போட்டார். அடையாளத்துக்கு அதில் நீல நூல் கட்டியிருந்தது. மோதினார் எடுத்து வைத்துக்கொண்டே போனார். எவ்வளவு சமமாகப் பிரித்தாலும் ஏதோ ஒரு குவியலில் எலும்பு மிஞ்சத்தான் செய்யும். சாவி அதன்மேல் விழுந்தது.

ஸுலிகா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். கழுத்தெலும்பு, விலா, கொஞ்சம் குடல்.

“இது என்ன?”

“நம்ம பங்கு.”

“ஈரல் யாருக்கு விழுந்துச்சு?”

“உவாலிக்கு.”

“நல்லதுதான். அவருக்குத்தான் பல்லே இல்ல.” எலும்பை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். “நீ வாயை மூடிட்டே இருந்திருந்தா இப்ப ஈரல் தின்னுட்டிருப்போம், மனுஷா.”

சொல்லிக்கொண்டே பெரிய பானையைப் பரணிலிருந்து இறக்கினாள். கழுத்தெலும்பு வேக நேரம் பிடிக்கும் என்று, இன்னும் இரண்டு விறகு எடுத்து வரச்சொன்னாள்.