ஈரலில் பட்ட கரண்டு

கரண்டு வைத்தால் வலிக்காது என்று சொன்னார்கள். உண்மைதான், வலிக்கவில்லை. பெங்களூர் ஆஸ்பத்திரியில் மல்லாந்து படுத்தால் வயிற்றுக்கு மேலே ஒரு பெரிய யந்திரம் உறுமும். நர்சம்மா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள். அசையக் கூடாது. ஒரு இடத்தில் சும்மா இருக்கத் தெரியாத எனக்கு அதுதான் தண்டனை. அடிவயிற்றிலிருந்த புற்றுக்கட்டியை அறுத்து எடுத்த பிறகு, மிச்சம் மீதி இருந்தால் அதையும் சுட்டுவிட வேண்டும் என்று வயிறு முழுக்க வைத்தார்கள். டாக்டர் எக்ஸ்ரே என்றார். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது கரண்டுதான்.

ஓசூர்ப் பக்கம் எங்கள் ஊர் மத்திகிரிக்குத் திரும்பி இரண்டு மாதம் போயிருக்கும். வீட்டில் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அடுப்பில் வைத்ததை விட்டுவிட்டு வாசலுக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன். களி வேகிற வாசனைக்கே குமட்டியது. வலது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டிவிட்ட மாதிரி பாரம். கட்டி திரும்ப வந்துவிட்டதோ என்று வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தேன். வயிறு உப்பிக்கொண்டே வந்தது.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீள்ளு போசுகுந்தி" என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னாள். நீள்ளு என்றால் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். எங்கள் பேச்சில் தண்ணீர் ஊற்றிக்கொண்டவள் தீட்டுக் கழிந்து குளித்தவள். முழுகாமல் இருக்கிறவள்தான் பிள்ளைத்தாய்ச்சி. தெலுங்கில் எல்லாம் தலைகீழ். அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டாள் என்றாலே பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று அர்த்தமாம். அக்கா அதை விளக்கியபோது இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் யாரும் என்னைப் பார்த்துச் சொல்லாத சொல் அது. ஆபரேஷனோடு தீட்டு நின்றுபோயிருந்தது. கரண்டுச் சூட்டால் அப்படித்தான் இருக்கும் என்று நர்சம்மா சொல்லியிருந்தாள். நர்சம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பயம் போய் வேறு பரபரப்பு பிடித்துக்கொண்டது. பழைய வேட்டிகளைக் கிழித்துப் பிள்ளைத்துணி மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தேன். கால் வீங்கியது. மாசமாக இருந்தால் வீங்காமல் என்ன செய்யும் என்றாள் அக்கா.

பிள்ளைப் பேச்சில் என் வீட்டுக்காரர் மட்டும் சேரவில்லை. இவருக்குக் கால்நடைப் பண்ணையில் வேலை. சினைமாட்டைத் தொட்டுப் பார்த்தே மாதம் சொல்லிவிடுகிற மனுஷன், என் வயிற்றைத் தொடவே இல்லை. பெங்களூர் போகலாம் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மறுபடி கரண்டு வைத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று சண்டை போட்டேன். மூச்சு முட்டிப் படுக்கவே முடியாமல் போனபோதுதான் பஸ் ஏறினேன்.

டாக்டர் வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு இவரிடம் தெலுங்கில் பேசினார். எனக்குப் புரிந்தது ஒரே சொல்: நீள்ளு. டாக்டர் வாயாலேயே வந்துவிட்டது என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆம்பிளை சந்தோஷத்தில் அழுவதைப் பாருங்கள் என்று நர்சம்மாவிடம் சொன்னேன். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊசி குத்தி எனாமல் பேசினில் நீரை இறக்க ஆரம்பித்தார்கள். மஞ்சளாக வந்துகொண்டே இருந்தது. என் கண் முன்னாலேயே வயிறு தளர்ந்து அமுங்கியது. பிள்ளையை எடுக்காதீர்கள் என்று கத்தினேன். அப்போதுதான் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"பிள்ளை இல்ல. கட்டியோட கர்ப்பப்பையையும் அப்பவே எடுத்துட்டாங்க. உங்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

இறக்கிய நீரைப் பரிசோதனை செய்ததில் புற்று எதுவும் தெரியவில்லை. டாக்டர் அரைகுறைத் தமிழில் ஒளிக்காமல் சொன்னார். ஈரல் கரண்டைத் தாங்கும் என்றுதான் அவர் படித்திருந்தாராம். வயிறு முழுக்க வைத்ததில் நன்றாக இருந்த ஈரலும் வெந்துபோய்விட்டது, அதனால்தான் நீர் கட்டுகிறது என்று நினைக்கிறாராம். உப்பில்லாமல் சாப்பிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். ஈரல் தானாகத் தேறலாம், தேறாமலும் போகலாம், தனக்குத் தெரியாது என்றார். ஒரு டாக்டர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் இவர்மேல்தான்.

பிறகு பல மாதம் அதே பிழைப்பு. நீர் கட்டும், போய் இறக்கிக்கொண்டு வருவோம், மறுபடியும் கட்டும். உப்பில்லாத களியை விழுங்கிவிட்டு வீட்டுக்குள் கூண்டில் அடைத்த மாதிரி சுற்றிச் சுற்றி வந்தேன். மெல்ல மெல்லக் கட்டுவது குறைந்து, பசி எடுக்கத் தொடங்கியது. ஈரல் தேறிவிட்டது, இனிமேல் வர வேண்டியதில்லை என்று டாக்டர் ஒருநாள் சொல்லிவிட்டார். ஓசூர் பஸ்ஸில் இவர் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார். இவர் முகம் அவ்வளவு தெளிந்து பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"நீ பொழைச்சுக்கிட்ட. எனக்கு அது போதும்" என்றார்.

"எனக்குப் போதாதுங்க" என்றேன்.